கத்தரித்த காகிதமும் எழுதிய கடமையும்

யூதர்தம் திருமண ஒப்பந்தப் பத்திரம் 'கெத்துபா' எனப்படும். 'எழுதப்பட்டது' என்பது அதன் பொருள். நாம் அறிந்த 'கிதாப்' என்னும் அரபுச் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. மணமகன் ஏற்கும் கடமைகளை அரமேய மொழியில் வரையறுக்கும் இப்பத்திரம், மணவிலக்கு நேர்ந்தாலோ கணவன் இறந்தாலோ மனைவிக்குச் சேரவேண்டிய தொகையையும் உறுதிசெய்கிறது. கன்னிக்கு 200 சூஸ் வெள்ளி, கைம்பெண்ணுக்கு 100 என மிஷ்னா வகுத்துரைக்கிறது. பிற்படுத்திக் கொடுக்கப்படும் மஹரை அறிந்தவர்க்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும்.

இப்பத்திரத்தை அழகுபடுத்தும் வழக்கம் பழமையானது. கெய்ரோ கெனிஸாவில் கிடைத்த ஏடுகளிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களில் இக்கலை உச்சம் கண்டது. இஸ்பஹான் பத்திரங்களில் சிங்கமும் சூரியனும் இடம்பெற்றன. ஹிராத் பத்திரங்களில் மாட வளைவுகளும் பூக்கொடிகளும் படர்ந்தன. முஸ்லிம்களின் அணிக்கலை யூதர் இல்லத்து ஆவணத்திலும் இயல்பாகக் குடிகொண்டது என்பதற்கு இவை சாட்சி.

நம் காலத்தில் தூரிகையின் இடத்தைப் பல கலைஞர்களின் கையில் கத்தி பிடித்துள்ளது. கையால் செய்த காகிதத்தை வெட்டி, அடுக்கி, ஒட்டிப் பத்திரத்துக்கு விளிம்பு சமைக்கின்றனர். ஜெரூசலத்துக் கலைஞர் ஆர்ச்சி கிரானட் அறுவைக் கத்தியால் வெட்டிய காகிதங்களைப் பல அடுக்குகளாக அமைத்துப் புகழ்பெற்றவர். இத்தகைய படைப்புகளில் அடுக்குகளுக்கிடையே விழும் நிழலே ஒரு வண்ணமாகிறது. தீட்டிய ஏட்டில் இந்த ஆழத்தைக் காண இயலாது. எழுத்தையே காகிதத்தில் வெட்டியெடுத்த 'கத்ஈ' கலை 15ஆம் நூற்றாண்டு ஹிராத்திலும் பின்னர் உதுமானியர் ஆட்சியிலும் செழித்ததை அறிந்தோர்க்கு இக்கைவண்ணம் அந்நியமாகத் தோன்றாது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. இன்று ஆக்கப்படும் பத்திரங்கள் பலவற்றில் விளிம்பு பெருகி வாசகம் சுருங்குகிறது. சிலவற்றில் தொகையும் பொறுப்பும் நீங்கி, அன்பைப் போற்றும் இனிய சொற்களே எஞ்சுகின்றன. இருவரும் ஒருவருக்கொருவர் கடமை ஏற்பதென்னும் புதிய வாசகங்களில் நியாயம் உண்டு. ஆனால் எவரும் எதையும் கோர இடமளிக்காத சொற்கள் வாழ்த்தாகலாம், ஒப்பந்தமாகா.

யூதச் சட்டத்தின் நிலைப்பாடு இங்குக் கருதத்தக்கது. கெத்துபா தொலைந்துபோனால் புதியதொன்று எழுதப்பட வேண்டும். அஃதின்றித் தம்பதியர் கூடி வாழலாகாது என்பது தல்மூத் வழிவந்த விதி. ஓவியம் இழந்ததற்காக இவ்விதி பிறக்கவில்லை; பெண்ணின் பாதுகாப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதற்காகப் பிறந்தது.

ஆகவே இக்கலையை மதிப்பிட நாம் கொள்ளும் அளவுகோல் எளியது. அடுக்கிய காகிதம் கண்ணை நடுவிலுள்ள வாசகத்திடம் அழைத்துச் செல்கிறதா? சாட்சிகள் இருவரின் கையொப்பம் தெளிவாகத் தெரிகிறதா? இவற்றுக்கு 'ஆம்' என விடை தரும் படைப்பே கெத்துபா என்னும் பெயருக்கு உரியது. ஏனையவை, எத்துணை நுட்பமாக வெட்டப்பட்டிருப்பினும், சுவருக்கு அணியாகலாமேயன்றி மனைவிக்கு அரணாக மாட்டா.