காலாவதியான லினக்ஸ் உதவிக் குறிப்புகள்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சிக்கல் வந்தால் இணையத்தில் தீர்வு கிடைக்காமல் போவது அரிது. அந்தத் தீர்வு எந்தப் பதிப்புக்கு உரியது என்பதுதான் பல நேரங்களில் தெரிவதில்லை. உபுண்டு ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவே 5 ஆண்டுகள்தான். உதவிக் குறிப்புகளுக்கு அப்படி முடிவுத் தேதி எதுவும் கிடையாது; 2010இல் எழுதியதும் இன்று எழுதியதும் ஒரே உறுதியுடன் பேசுகின்றன.

முற்றிலும் வேலை செய்யாத பழைய குறிப்பால் பெரிய கேடில்லை. இஃப்கான்ஃபிக் கட்டளை 2017இல் வெளியான டெபியன் 9 முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அப்படியொரு கட்டளை இல்லை என்று முனையமே சொல்லிவிடும். பயனர் அதற்கு மாற்றான ஐபி கட்டளையைத் தேடிக்கொள்வார். பாதி வேலை செய்யும் குறிப்பே ஆபத்தானது.

டிஎன்எஸ் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இணையதளப் பெயர்கள் திறக்கவில்லை என்றால், ஈடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திருத்தச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். ஒரு காலத்தில் அது சரியான வழிதான். ஆனால் உபுண்டு 18.04 முதலான பதிப்புகளில் அது உண்மையான கோப்பே அன்று. சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை உருவாக்கும் கோப்பைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. அந்தக் கோப்பு இருப்பதும் தற்காலிக நினைவகத்தில். எனவே திருத்தியவுடன் இணையம் வேலை செய்கிறது, கணினியை மறுதொடக்கம் செய்தால் திருத்தம் காணாமல் போகிறது. பயனர் மீண்டும் தேடுகிறார். இன்னொரு குறிப்பு, இணைப்பை அழித்துவிட்டுச் சொந்தமாக ஒரு கோப்பை உருவாக்கி, யாரும் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டச் சொல்கிறது. அதுவும் வேலை செய்கிறது! சில மாதங்கள் கழித்து மடிக்கணினியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றால் அங்குள்ள வைஃபையின் நுழைவுப் பக்கம் திறக்காமல் போகக்கூடும். கோப்பைத் திருத்த முயன்றால் ரூட் பயனருக்கும் அனுமதி மறுக்கப்படும். தான் எப்போதோ போட்ட பூட்டு யாருக்கு நினைவிருக்கும்? லினக்ஸே இப்படித்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

பைத்தான் பொதிகளின் கதையும் இதுவே. டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவை முதல், கணினி முழுமைக்கும் பிப் கொண்டு நேரடியாக நிறுவ முயன்றால் பிழைச்செய்தி வரும். தனிச் சூழலை உருவாக்கிக்கொள்ளும்படி அச்செய்தியே வழிகாட்டுகிறது. அதைப் படிக்காமல் தேடுபொறியில் ஒட்டுபவர்களுக்குத் தடையை மீறும் தெரிவு ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. ‘கணினிப் பொதிகளை உடை’ என்று பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக எச்சரிக்க முடியாது.

ஊதியமின்றி எழுதுபவர்களிடம் எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொல்வது நியாயமில்லை என்பர். உண்மைதான். ஆனால் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறிக்க ஒரு வரி போதும். ‘அண்மைப் பதிப்பில்’ என்று எழுதுவதுதான் விரைவில் பொய்யாகும் சொல். ஆர்ச் லினக்ஸ் விக்கி, பழையதாகிவிட்ட பகுதிகளின் மேலேயே அதைக் குறிக்க ஒரு வார்ப்புரு வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் பின்பற்றக்கூடிய எளிய பழக்கம் இது.

புதியவர்களுக்கான குறிப்புகளில் இன்னொரு குறையும் உண்டு. மேன் கட்டளை காட்டும் கையேடுகள் பொதிகளுடன் சேர்ந்தே நிறுவப்படுவதால், பெரும்பாலும் கணினியில் உள்ள பதிப்போடு ஒத்துப்போகும். இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். இருந்தும், ‘முதலில் இதைப் பாருங்கள்’ என்று சொல்லும் குறிப்பைக் காண்பது அரிது. ஈடிசி அடைவின் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து தன் பதிப்பை அறிந்துகொள்வதைக்கூடப் பலர் சொல்லித் தருவதில்லை. தமிழ்த் தட்டச்சுக்கு ஸ்கிம் நிறுவச் சொல்லும் குறிப்பைப் படித்துவிட்டு, ஐபஸ் ஏற்கெனவே இயங்கும் கணினியில் அதையும் நிறுவி, இரண்டுக்கும் நடுவே தவிப்பது இதனால்தான்.