உடைந்த சக்கரத்தின்மேல் ஒரு கை

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படுகிறது. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம் அது. மக்களுக்கு நீதி வழங்க அமர்த்தப்பட்ட முதியோர் இருவர், தோட்டத்தில் தனித்திருந்த பெண்ணை அச்சுறுத்துகின்றனர். அவள் இணங்க மறுத்து உரக்கக் கூவுகிறாள். பழியோ அவள்மீதே விழுகிறது. இளைஞரான தானியேல் குறுக்கிட்டு வினவியிராவிடில், மாசற்றவள் கொலைக்களம் சென்றிருப்பாள்.

இந்தச் சூசன்னாவைக் கிறிஸ்தவ உலகின் ஓவியர்கள் எவ்வாறு கண்டனர்? உரோமையில் பிரெத்தெக்ஸ்தாத்து எனப்படும் நிலத்தடிக் கல்லறையில் நான்காம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று உண்டு. இரண்டு ஓநாய்களுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதன் மேலே சூசன்னாவின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அவள் மேனியை அன்று எவரும் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. அவளுடைய ஆபத்தையும் இறைவன் அளித்த மீட்பையுமே நம் முன்னோர் வரைந்தனர்.

பின்னாளில் நிலை மாறியது. 1555-ஐ ஒட்டி வெனிசு நகரத் தின்தொரெத்தோ வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், சூசன்னா கண்ணாடியில் தன் அழகை நோக்கி மகிழ்ந்திருக்கிறாள். ஒளிந்து பார்க்கும் முதியவரோடு சேர்ந்து நாமும் பார்க்குமாறு அந்தப் படம் நம்மை அழைக்கிறது. வண்ணமும் ஒளியும் வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விவிலியம் பாதிக்கப்பட்டவளின் பக்கம் நிற்க, ஓவியமோ தோட்டத்தில் பதுங்கியிருப்போரின் பக்கம் நம்மை நிறுத்துகிறது. கலைத்திறன் மட்டும் ஓர் ஓவியத்தை அறமுடையதாக ஆக்கிவிடாது.

1610-இல் உரோமையைச் சேர்ந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அதே காட்சியை வரைந்தாள். ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கி என்பது அவள் பெயர். அப்படத்தில் எழில்மிகு தோட்டம் இல்லை. குளிர்ந்த கல்லிருக்கையே உண்டு. மேலிருந்து கவிழும் இரு முதியோரையும் தள்ளிவிட முயல்வதுபோல் கைகளை உயர்த்தி, முகம் திருப்பி, உடல் முறுகி அமர்ந்திருக்கிறாள் சூசன்னா. பேசாதே என்று ஒருவர் உதட்டில் விரல் வைக்கிறார். அச்சம் எத்தகையது என்பதை அறிந்த கை வரைந்த படம் இது.

அடுத்த ஆண்டே, 1611-இல், தந்தையோடு பணிபுரிந்த அகொஸ்தீனோ தாஸ்ஸி என்னும் ஓவியன் அவளை வன்புணர்ந்தான். 1612-இல் ஏழு மாத அளவுக்கு வழக்கு நடந்தது. உண்மை பேசுகிறாளா எனச் சோதிக்க, ஓவியம் தீட்டும் அவள் விரல்களையே கயிற்றால் சுற்றி இறுக்கினர். அவள் தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை. அந்த நீதிமன்றம் திருத்தந்தையரின் ஆட்சிக்குட்பட்ட நகரில் இருந்தது என்பதைத் திரு அவையின் மக்களாகிய நாம் மறைத்தல் ஆகாது. தாஸ்ஸி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நாடுகடத்தும் தண்டனையோ உருப்படியாக நிறைவேறவில்லை.

திறனாய்வாளர் பலர் அவருடைய ஓவியங்கள் அனைத்தையும் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கிவிடுகின்றனர். ஒலோபெர்னைக் கொல்லும் யூதித்தின் படம் பழிவாங்கல் என்பர். சூசன்னாவோ கொடுமைக்கு முந்திய ஆண்டிலேயே வரையப்பட்டவள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூரிகை பிடித்து, 1616-இல் பிளாரன்சு நகர ஓவியக் கழகத்தில் முதல் பெண் உறுப்பினராக இடம்பெற்ற ஒருவரை, அவருக்கு இழைக்கப்பட்ட தீமையால் மட்டுமே அளப்பது நீதியன்று. அவ்வாறு அளப்பது, அத்தீமைக்கே அவர்மேல் இறுதி அதிகாரத்தை அளிப்பதாகும்.

நாம் ஆழ்ந்து நோக்கவேண்டிய படம் வேறொன்று. ஏறத்தாழ 1615-க்கும் 1617-க்கும் இடையே, அலெக்சாந்திரியா நகர்ப் புனித கத்தரீனம்மாளாகத் தம்மையே அவர் வரைந்தார். அப்புனிதையைச் சிதைக்க இருந்த இரும்புமுள் சக்கரம் உடைந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு கையை அமைதியாக ஊன்றியிருக்கிறார். மறு கை மறைசாட்சியரின் குருத்தோலையை மார்போடு ஏந்தியுள்ளது. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. இங்கே குருதி இல்லை, கொடியவன் இல்லை. வாதைக் கருவியோ ஊன்றுகோலாகிவிட்டது. கயிற்றால் இறுக்கப்பட்ட விரல்கள் வரைந்த கை இது என எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறையவில்லை. ஆனால் அவற்றைத் தாமே விரும்பிச் சீடருக்குக் காட்டினார்; எவரும் அவர் ஆடையை விலக்கிப் பார்க்கவில்லை. 1612-இல் ஆர்த்தெமீசியாவின் காயம் பிறர் கட்டாயத்தால் வெளிப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்பதை அவரே முடிவு செய்தார். குணமடைதலைக் கலை மதிக்கும் வழி இதுவே என்பது நம் துணிபு. காயத்தைக் காட்டும் உரிமை காயப்பட்டவருக்கே உரியது.

இதில் மேய்ப்புப்பணிக்கும் ஒரு பாடம் உண்டு. 1950-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட மரிய கொரெற்றியைப் போற்றும் பிரசங்கங்களில், கற்பை இழப்பதினும் சாவது மேல் என்ற சொல் சிலவேளை எழுவதுண்டு. பீடத்தின் முன் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு பெண்ணின் நெஞ்சில் அது முள்ளாய்த் தைக்கும். 410-இல் உரோமை சூறையாடப்பட்டபின், புனித அகுஸ்தினார் இதை ‘இறைநகர்’ நூலின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார்: உள்ளம் இசையாதபோது, பிறன் செய்த வன்முறையால் ஒருத்தியின் தூய்மை அழிவதில்லை. உயிர் பிழைத்தவள் எதையும் இழந்தவள் அல்லள். குற்றம் முழுவதும் செய்தவனுடையது.

இலண்டன் தேசிய ஓவியக்கூடம் இப்படத்தை 2018-இல் 36 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. 2019-இல் அதனைப் பெண்கள் நூலகம் ஒன்றுக்கும், மருத்துவர் நிலையம் ஒன்றுக்கும், கத்தோலிக்கப் பள்ளி ஒன்றுக்கும், பெண்கள் சிறைச்சாலை ஒன்றுக்கும் அனுப்பிவைத்தது. காயப்பட்டோர் இருக்கும் இடத்துக்கே ஓவியம் சென்றது. நம் பங்குகளிலும் அத்தகையோர் உளர். அவர்களைப் பேசு என்று வற்புறுத்தவும் வேண்டாம். பேசாதே என்று உதட்டில் விரல் வைக்கவும் வேண்டாம். அவர்கள் தாமே பேச முன்வரும் நாளில், தானியேலைப்போல் எழுந்து நிற்க ஒருவரேனும் இருப்போமாக.