தானே சுருதி சேரும் சுற்று

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இன்டக்‌ஷன் ஹீட்டர் போர்டில் என்னைக் கவர்வது அதில் இல்லாதவைதான். சிப் இல்லை, புரோகிராம் இல்லை. இரண்டு மாஸ்ஃபெட், இரண்டு சோக், சில ரெசிஸ்டர், டையோடு, ஒரு வரிசைக் கெபாசிட்டர், ஒரு காயில், அவ்வளவே. மஸ்ஸில்லி என்பவர் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில் ஒரு மாஸ்ஃபெட் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து எந்த அலைவரிசையில் அதிர்கின்றனவோ, அதிலேயே ஓடும். காயிலுக்குள் இரும்பை நுழைத்தால் அலைவரிசை மாறும். பாட்டுக்காரர் கட்டை இறங்கியதும் கூடவே இறங்கும் பக்கவாத்தியக்காரர்போல், யாரும் திருகாமலே சுற்றும் மாறிக்கொள்ளும்.

எங்கள் ராசிங்காபுரத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் அரிவாளுக்குத் துவைச்சல் போடும் கொல்லர், இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். இந்தப் போர்டில் அதே பதத்தை ஆம்மீட்டர் காட்டுகிறது. இரும்பு செக்கச் சிவந்து 770 டிகிரியைத் தொட்டதும் காந்தத்தன்மையை இழக்கும். அந்த நொடியில் முள் சட்டென்று இறங்குவது எனக்கு அலுக்காத காட்சி. மின்தூண்டலை 1831-இல் கண்ட ஃபாரடே, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்திய உருக்கைப் பகுத்து ஆராய்ந்தவர் என்பதும் அப்போது நினைவுக்கு வரும்.

வெள்ளி இரும்பைப்போல் எளிதில் சூடேறாது. அது மின்சாரத்தை அத்தனை எளிதாகக் கடத்துகிறது. அலுமினியமும் செம்பும் அப்படியே. கிராஃபைட் மூசையில் வைத்தால் முதலில் மூசை சிவக்கும், பிறகு உள்ளே இருப்பது உருகும். 50 கிராம் வெள்ளியை 962 டிகிரிக்கு ஏற்றி உருக்க ஏறத்தாழ 16 கிலோஜூல் போதும். மூசை குடிப்பதும் காற்றில் போவதும் அதைவிட அதிகம். ஆகவே மூசையைச் சுற்றிப் பீங்கான் கம்பளி கட்டாமல் போர்டைக் குறை சொல்வது நியாயமில்லை. பித்தளையை மட்டும் வீட்டுக்குள் உருக்க வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், அந்த வெள்ளைப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

விளம்பரத்திலுள்ள '1000 வாட்' 48 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கி வரும் 960-ஐ முழுமையாக்கிச் சொன்னது. 48 வோல்ட் கொடுத்தால் மாஸ்ஃபெட்டின் மேல் 150 வோல்ட் உச்சம் ஏறும். அதன் தாங்குதிறனோ பெரும்பாலும் 200. அதனால் நான் 24 வோல்ட்டோடு நிறுத்துவேன். முதலில் சூடேறுவது கெபாசிட்டர்கள். நல்ல பாலிபுரோப்பிலீன் வகையா என்று பார்த்துத்தான் போர்டை எடை போடுவேன். காயில் செம்புக் குழாயாக இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் ஓட வேண்டும். மீன்தொட்டி பம்ப் போதும்.

சப்ளையில்தான் கஞ்சத்தனம் கூடாது. மின்னழுத்தம் மெல்ல ஏறினாலோ பாரம் தாங்காமல் தாழ்ந்தாலோ அதிர்வு தொடங்காது. இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒருசேரத் திறந்து கருகிவிடும். முழு வோல்ட்டேஜையும் ஒரே சொடுக்கில் கொடுங்கள். மூசையைப் பிறகு இறக்கலாம்.