சுவாமிமலை அச்சுமண்ணும் நுண்ணளவுப் பாதரசமும்

சுவாமிமலைப் படிமங்களின் செம்மைக்குக் காவிரி வண்டலே காரணம் என்னும் கூற்று தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. மெழுகுக் கருவின் நுண்கோடுகளை அவ்வண்டல் ஏற்கும் திறம் கண்கூடு. ஆயின் அம்மண்ணின் இயல்பை நுண்ணளவுத் தனிமங்களால் நிறுவ முற்படுவோர், பாதரசத்தைப் பிறவற்றோடு ஒரே அட்டவணையில் வைத்தல் பொருந்தாது.

புவியோட்டில் பாதரசம் கிலோகிராமுக்குச் சராசரியாக 50 முதல் 80 மைக்ரோகிராம் வரையே உள்ளது. ஈரம் நீக்க மண்ணை 105 பாகை செல்சியசில் உலர்த்தினாலே அதிலொரு பகுதி ஆவியாகக்கூடும். வார்த்தபின் உடைத்தெடுக்கும் அச்சுமண்ணோ வறட்டித் தீயில் வெந்தது. உட்புறத்தில் 1,000 பாகைக்கு மேற்பட்ட உலோகக் குழம்பைத் தாங்கியது. நேரடிப் பாதரசப் பகுப்பாய்வுக் கருவி செய்வதும் ஏறத்தாழ இதுவே: மாதிரியைச் சுட்டு, வெளிப்படும் பாதரச ஆவியைப் பொன்னில் பிடித்து, 253.7 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது உறிஞ்சும் அளவைக் கணிக்கிறது. பட்டறையில் அந்த ஆவியைப் பிடிக்கப் பொன் இல்லை.

எனவே அச்சுமண்ணில் காணும் குறைந்த அளவைக் கொண்டு காவிரி மாசற்றது என்பது, உலையின் விளைவை ஆற்றின் மேல் ஏற்றுவதாகும். பொன்முலாம் பூசிய படிமத்தின் மேற்பரப்பில் பாதரசம் தென்பட்டால் அதையும் மண்ணின் கணக்கில் சேர்த்தல் கூடாது. பாதரசம் கலந்து முலாம் பூசுதல் பழைய முறை. ஆற்றங்கரையில் எடுத்து, சுடாமல் நிழலில் உலர்த்திய வண்டலே இவ்வாய்வுக்குரிய மாதிரி.