கண்ணாடியில் அழுகிய பழம்

ஹார்வர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பூக்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாவரவியல் பாடத்துக்காக லியோபோல்ட் பிளாஷ்காவும் மகன் ருடால்ஃபும் 1887இல் செய்யத் தொடங்கியவை. 1895இல் தந்தை இறந்தபின் மகன் 1936 வரை தனியாகத் தொடர்ந்தார்.

மகரந்தத் தாள் வரை பிசகில்லை. வியக்கலாம், ஆனால் மனம் ஒட்டுவதில்லை. என்னை நிறுத்தியவை ருடால்ஃப் முதுமையில் செய்த நோயுற்ற பழங்கள்: பூஞ்சை படர்ந்த ஸ்ட்ராபெரி, புள்ளி விழுந்த பேரிக்காய். பூக்களில் உருவத்தை நகலெடுத்தவர், இவற்றில் காலத்தையே நகலெடுத்துவிட்டார். கைத்திறன் கலையாவது இங்கேதான்.

பனிக்காலத்தில் பூ கிடைக்காதென்று அம்மா படத்துக்கு நான் போட்ட பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஐந்து வருடமாக வாடவில்லை. அதுதான் அதன் குறை.