கடாசுறதா, துவைக்கிறதா?

நர்சிங் பேட் வாங்குவதற்கு முன்னால் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் இந்த விமர்சனம் உங்களுக்குத்தான். மதுரையை அடுத்த கப்பலூர், திருமங்கலம் பக்கம் பல வீடுகளில் துணி துவைப்பது போர் தண்ணீரில். சோப்பு நுரைக்க அடம்பிடிக்கும், வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும், காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். துவைத்துப் பயன்படுத்தும் பேட்டின் பெட்டியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைக்கலாம் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் என்று எழுதவில்லை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: பால் கொடுக்கும் காலத்தில் பால் கசிந்து ஜாக்கெட்டோ நைட்டியோ நனையாமல் இருக்க, உள்ளே வைத்துக்கொள்கிற வட்டப் பட்டைதான் நர்சிங் பேட். குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் தானாகச் சொட்டும். ஆக்சிடோசின் சுரந்ததும் மார்புக்குள் பால் சுரக்கும் பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. அந்த ஹார்மோனுக்கு இடது வலது தெரியாது. நம் பிள்ளை வாய் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, பஸ்ஸில் யார் வீட்டுப் பிள்ளையோ வீறிட்டால் போதும். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு, எட்டு வாரம் இந்தத் தொல்லை அதிகம். பிறகு பிள்ளையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு நிதானப்பட்டு, கசிவும் அடங்கும். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு சொட்டும் கசியாது. அதற்காகப் பால் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோதனைக்கு மூன்று வகை எடுத்துக்கொண்டேன். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கடாசும் பேட். லவ்லேப், மீமீ, ஃபிலிப்ஸ் அவென்ட், மெடெலா என்று பல பெயர்களில் வந்தாலும் உள்கட்டு கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேலே நெய்யாத மெல்லிய துணி, நடுவில் மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையும், அடியில் பிளாஸ்டிக் படலம், அதன் பின்னால் பிராவில் ஒட்ட ஒரு பசைப் பட்டை. இரண்டாவது, கடையில் வாங்கிய துவைக்கும் பேட். மேலே மூங்கில் துணி என்று அச்சிட்டிருக்கும், அடியில் பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர், சுருக்கமாக பி.யு.எல். மூன்றாவது, வீட்டில் தைத்தது.

மூன்றாவதற்குக் காரணம் அம்மாச்சி. கடைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, பழைய வேட்டியக் கிழிச்சு வைக்காம இதுக்குப் போயி காசு குடுத்தியா?" என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியில் வெளிப்பக்கம் இரண்டு அடுக்கு, நடுவில் டர்க்கி டவலில் இரண்டு அடுக்கு வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டித் தைத்தேன். வட்டத்தின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி ஒரு சிறு டார்ட் பிடித்தால் தட்டையாக நிற்காமல் குழிவாக உட்காரும். தையல் தெரியாதவர்கள் மதுரை விளக்குத்தூணில் துணி எடுத்து, புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர்களிடம் கொடுத்துவிடலாம். இதில் எனக்கு ஒரு சின்ன ஆதங்கமும் உண்டு. கருமுத்து தியாகராசர் தொடங்கிய மில் இன்றைக்கும் பஞ்சு நூல் நூற்கிற ஊர் கப்பலூர். அந்த ஊர்க் கடையில் சுத்தமான பஞ்சில் ஒரு பேட் கேட்டால் பாலியெஸ்டரைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

ஊசியில்லாத ஐந்து மில்லி சிரிஞ்சில் அளந்து ஊற்றினேன். தாய்ப்பாலைச் சோதனைக்கு வீணாக்க மனம் வரவில்லை, பசும்பாலில் செய்தேன். கொழுப்பின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெரிய பிசகு இருக்காது.

கடாசும் பேட் பத்து மில்லியை ஊற்றிய கையோடு விழுங்கியது. மேலே டிஷ்யூ பேப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டுகிறது. அந்தக் குருணை பாலில் உள்ள நீரை இழுத்து ஜெல்லாகிவிடுவதால், அழுத்தினாலும் எளிதில் திருப்பித் தராது. இருபது மில்லிக்கும் அசரவில்லை. ஆனால் ஜெல் எல்லாம் நடுவில் திரண்டு ஒரு மேடு தட்டுகிறது. மெல்லிய ஜாக்கெட்டுக்கு மேலே அது வட்டமாகத் தெரியும்.

கடையில் வாங்கிய துவைக்கும் பேட் முதல் சுற்றில் பல்லிளித்தது. பிரித்த கையோடு ஊற்றினால் பால் முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடியது. புதுத் துணியின் மேல் ஆலைப் பூச்சு இருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று தடவை துவைத்துக் காயவைத்த பிறகே அது வேலைக்கு வந்தது. பிறகு பத்து மில்லியைத் தாங்கியது, அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. மேற்பரப்பு மட்டும் சில்லென்று ஈரமாக இருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் ஓரத்துத் தையல் நூல் வழியாகக் கசிவு வெளியே எட்டிப் பார்க்கிறது.

வேட்டிப் பேட் ஐந்து மில்லிக்குச் சமர்த்து. பத்தில் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. ஆனால் மூன்றிலும் தோலுக்கு இதமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் அடி வைத்த எதையும் வைத்திருந்தால் சிறிது நேரத்திலேயே உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது. கடாசும் பேட்டின் பசையும் அந்த வேர்வையில் பிடிவிட்டு, பேட் அக்குள் பக்கம் நகர்ந்துபோகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எந்தப் பேட்டாக இருந்தாலும் பிரா போட்டால்தான் நிற்கும். வீட்டில் வெறும் நைட்டியோடு இருக்கிறவர்களுக்குத் தோளில் போட்ட துண்டே மேல்.

இந்த மூங்கில் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கினால் கிடைப்பது ரேயான், அதாவது விஸ்கோஸ். மூங்கிலின் இயற்கைக் குணம், கிருமியை அண்டவிடாது என்கிற பேச்செல்லாம் அந்தக் கரைசலோடு போய்விடும். அமெரிக்காவில் ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2013-இல் நான்கு பெரிய விற்பனை நிறுவனங்கள் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் அபராதம் கட்டின. ரேயான் நன்றாகத்தான் உறிஞ்சும், மென்மையும் உண்டு. அதற்காக வாங்குங்கள், மூங்கில் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இனி தண்ணீர். சில வாரம் போர் தண்ணீரில் துவைத்த பிறகு அதே கடைப் பேட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உடனே இறங்காமல் மேலேயே நின்று யோசித்துவிட்டு மெதுவாக இறங்கியது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். அது இழைகளில் படிந்து துணியை விறைப்பாக்கும், நீரை ஒட்டவிடாது. இதில் பார் சோப்பு படுமோசம், டிடர்ஜென்ட் பவுடர் பரவாயில்லை. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மூன்று ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசினேன். உறிஞ்சும் குணம் திரும்பிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் ஒரு குடம் இதற்கென்று எடுத்து வைத்தால் வினிகர்கூட வேண்டாம்.

துவைப்பதிலேயே வேறு சில நுணுக்கங்களும் உண்டு. முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இழையிலேயே திரிந்து கறையாக நின்றுவிடும், வாடையும் போகாது. துணிக்கு மணம் தரும் கண்டிஷனரை இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது, அது இழை மேல் மெழுகு போலப் படியும். காம்பு வெடிப்புக்குத் தடவும் லனோலின் களிம்பும், அம்மாச்சிகள் தடவச் சொல்லும் தேங்காய் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். களிம்பு தடவிய நாட்களில் கடாசும் பேட்டை வைத்துக்கொண்டால் துணி பிழைக்கும். வெடிப்பில் துணி ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் நனைத்து எடுக்க வேண்டும். பி.யு.எல். அடி உள்ளதைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தாலும் இஸ்திரி போட்டாலும் பூச்சு உரிந்துவிடும். காயப்போடும்போது உறிஞ்சும் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, மொட்டை மாடியில் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில்தான் திண்டாட்டம், அப்போது அரைகுறை ஈரத்தோடு எடுத்து வைக்கவே கூடாது.

ஏனென்றால் ஈரம்தான் இதில் வில்லன். நனைந்த பேட்டை மணிக்கணக்கில் வைத்திருந்தால் தோல் ஊறி வெடிக்கும், கேண்டிடா பூஞ்சைக்கும் அந்த வெதுவெதுப்பு தோதாகப் போகும். கடாசும் பேட் காய்ந்த மாதிரி தெரிவதால் மாற்ற மறந்துவிடுகிறோம். துணிப் பேட் நச்சரித்து மாற்றவைக்கும், அந்த வகையில் அது நல்லது. மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் பேட் விவகாரத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கசிவு தாங்காமல் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொல்கிறவர்கள் நம் பக்கம் உண்டு. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் பால் சுரப்பு அடங்குகிறது என்பதை, அதற்கான மாத்திரையோடு ஒப்பிட்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-லேயே ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்ற வேண்டியவர்களுக்கான வைத்தியம் அது. மதுரை மல்லி தலையில் இருக்கட்டும்.

செலவுக்கு வருவோம். நான் வாங்கிய விலையில் கடாசும் பேட் ஒன்று எட்டு ரூபாய் சொச்சம். கசிவு அதிகமுள்ள நாட்களில் நாளுக்கு நாலு ஜோடி மாற்றினால் எட்டுப் பேட், 64 ரூபாய். மாதம் 1,900 ரூபாயைத் தாண்டிவிடும். துணிப் பேட் ஆறு ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரவு கழற்றியதைக் காலையில் துவைத்துவிட்டால் சுழற்சிக்கு அது தாராளம். வேட்டிப் பேட்டுக்கு டவல் காசு மட்டும்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மதினி ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார்: "வீட்டுல இருக்கிறவளுக்குத் துவைக்கிறது சரி. ஷிஃப்டுக்குப் போறவளுக்கு ஒட்டுறதுதான்." அவர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சிறு யூனிட்டில் வேலை பார்க்கிறார். நனைந்த துணிப் பேட்டைக் கழற்றினால் அங்கே அலசவும் இடமில்லை. கவரில் கட்டிப் பையில் வைத்தால் சாயங்காலம் பையைத் திறக்க முடியாது, அப்படிப் புளித்துப்போகும். கடாசும் பேட்டைக் கடாசவும் அங்கே வழியில்லை, கழிப்பறையில் ஒரு மூடி போட்ட தொட்டி கிடையாது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கொண்டுவந்தது. ஐம்பதைத் தொடாத பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையில் காப்பகத்தை எங்கே தேடுவது? பாலூட்ட ஓர் அறை இருந்தால் பேட் மாற்றவும் அதுவே ஆகும். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கு அறை திறந்தார்கள்; பஸ் ஏறும் இடத்தில் இருப்பது வேலை செய்யும் இடத்தில் இல்லை.

கடாசுவதிலும் முறை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயாப்பர், நாப்கின், அவை போன்றவற்றைத் தனியாகப் பொதிந்து, மக்காத குப்பையோடு போடச் சொல்லியிருந்தன. தெருவில் வண்டி தள்ளி வரும் தூய்மைக் காவலர்தான் கையால் அதைப் பிரிக்கப்போகிறார், பேப்பரில் சுற்றிக் கொடுப்பது நமக்குப் பெரிய வேலை இல்லை. கழிவறையில் போட்டால் ஜெல் ஊதிக் குழாய் அடைக்கும். கொல்லையில் கொளுத்தினால் பிளாஸ்டிக் புகை பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள்தான் வரும்.

சிலிகான் பேட், பால் சேகரிக்கும் சிலிகான் கிண்ணம் என்றும் வருகின்றன. கிண்ணம் வீட்டில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போது மறுபக்கச் சொட்டைப் பிடிக்க நன்றாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒரு வேலை செய்ய முடியாது.

என் பரிந்துரை இதுதான். பிரசவத்துக்கு முன்னால் கடாசும் பேட்டில் இருப்பதிலேயே சின்னப் பாக்கெட் ஒன்று. ஆஸ்பத்திரிக்கும் முதல் வாரத்துக்கும் அது காணும். கசிவு உண்டு என்று தெரிந்த பிறகு, அடிப் பூச்சுள்ள துணிப் பேட் ஆறு ஜோடி, இரவுக்கு நாலு வேட்டிப் பேட். வேலைக்குத் திரும்புகிறவர்கள் அப்போது மறுபடி கடாசும் பேட்டுக்கு வரலாம், அதற்குள் கசிவு குறைந்து நாளுக்கு ஒரு ஜோடியே போதும் என்று ஆகியிருக்கவும் கூடும். வளைகாப்புக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் நூறு பேட் பெட்டியைச் சொல்லாதீர்கள். பிள்ளை பிறந்து, கசியுமா கசியாதா என்று தெரிந்த பிறகு வாங்கித் தரச் சொல்லுங்கள்.