கருவியும் கைவினைஞனும்

நிழற்படத் திருத்தத்தில் மேகக் கணிமை பெற்றுள்ள இடத்தை ஆராய்வோர், வேகம், வசதி என்பவற்றோடு நின்றுவிடலாகாது. கருவி யார் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினா.

1990இல் வெளிவந்த அடோபி போட்டோஷொப், இருட்டறையின் பணியைக் கணினிக்குள் கொண்டுவந்தது. வேண்டாத உருவை நீக்கிய இடத்தைச் சூழலுக்கேற்ப நிரப்பும் வசதி 2010இல் சேர்ந்தபோதும், கணிப்பு பயனாளரின் கணினியிலேயே நிகழ்ந்தது. 2013இல் புதிய பதிப்புகள் சந்தா முறைக்கு மாறின. 2023இல் அறிமுகமான ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ இன்னொரு படி சென்றது. பயனாளர் சொற்களால் ஆணையிட, படத்தின் தரவு நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, அங்கு செயற்கை நுண்ணறிவு ஆக்கிய உருவோடு மீள்கிறது. இணையம் அறுந்தால் இவ்வசதி இல்லை. மாதாந்தப் புள்ளிக்கணக்கும் உண்டு.

பெரிய மாதிரிகளுக்குப் பெரும் கணிவலு வேண்டும் என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும், அதே மென்பொருளில் உருவத்தைத் தெரிவுசெய்யும் பணிக்குச் சொந்தக் கணினி, மேகம் என இரு வழிகளும் தரப்பட்டுள்ளன. எனவே இச்சார்புநிலை முற்றிலும் தொழினுட்ப நியதியன்று; ஓரளவு வணிகத் தெரிவுமாகும்.

இருட்டறைக் கலைஞனுக்குக் கருவி பழகப் பழக வசப்பட்டது. தொலைவிலுள்ள மாதிரி மாற்றப்படும்போதோ, நேற்றைய பயிற்சி இன்று பயனற்றுப் போகலாம். புதுமையை ஒதுக்குதல் இதற்கு விடையாகாது. தன் கணினியிலேயே இயங்கும் கருவியையும் கேட்டுப் பெறும் உரிமையே கலைஞன் இன்று வலியுறுத்த வேண்டியதாகும்.